குடிநோய்க்குப் புறநோயாளி சிகிச்சை: சட்டம் தரும் உரிமையும், எந்த நிலை யாருக்கு என்பதும்

ஒருவர் குடியிலிருந்தோ மாத்திரைப் பழக்கத்திலிருந்தோ மீள வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுந்தவுடன், எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதே முதற்கேள்வியாக வருகிறது. படுக்கை, பூட்டிய கதவு, மாதக்கணக்கில் கட்டணம் எல்லாம் சேர்ப்பது என்ற அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பணம் இல்லாத குடும்பம் அந்த இடத்திலேயே முயற்சியைக் கைவிட்டும் விடுகிறது. உண்மையில் சிகிச்சை தேவைப்படுவோரில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே, மருத்துவமனைக்கு வந்துபோய்க் குணம் பெறக்கூடியவர்கள். எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி, மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவால் வந்த சிக்கலுக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 5.7 கோடி பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகவும், 180 பேருக்கு ஒருவரே உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றதாகவும் கூறினர். எல்லா வசதியும் கொண்ட புறநோயாளிப் பிரிவுகளே அவசரத் தேவை என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது.

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் என்பதற்குத் தரும் வரையறையில் மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் சேர்த்திருக்கிறது. ஆகவே குடிநோயாளி ஒருவர், சட்டத்தின் பார்வையில், ஒழுக்கம் தவறியவர் அல்லர். சிகிச்சை கேட்க உரிமை பெற்ற நோயாளி. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை 18-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. புறநோயாளி சிகிச்சை, உள்நோயாளி சிகிச்சை, குடும்பத்துக்கான ஆதரவு, சமூகத்தில் வைத்தே தரப்படும் மறுவாழ்வு ஆகிய அனைத்தும் அந்த உரிமைக்குள் வருகின்றன. வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்வோருக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை முற்றிலும் இலவசம் என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அட்டை இல்லை என்று கூறித் திருப்பி அனுப்பப்படும் இடங்களில் இந்த வரியை நினைவில் வைத்திருப்பது பயன் தரும். குறைந்தபட்சச் சேவை ஒரு மாவட்டத்தில் கிடைக்காதபோது, அதே மாவட்டத்தில் வேறு மனநல நிலையத்தில் சிகிச்சை பெறவும், அதன் செலவை அரசே ஏற்கவும் இதே பிரிவு வழிசெய்கிறது. நடைமுறையில் இதைக் கேட்டுப் பெறுவதற்கு விடாமுயற்சி வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் புறநோயாளி சிகிச்சைக்கான வாசல், பெரும்பாலானோருக்கு, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குழு, குறிப்பிட்ட கிழமைகளில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறது. எந்தக் கிழமை என்பதை அந்த மருத்துவமனையிலேயே கேட்டு அறியலாம். 2025-இல் கலங்கரை என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. எங்கே போவது என்றே தெரியாதவர்கள், போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446-ஐயோ, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416-ஐயோ அழைக்கலாம். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் "குடிப் பழக்கத்துக்காக வந்திருக்கிறோம்" என்று சொல்லக் கூச்சப்படுபவர்கள், மனநலப் பிரிவு என்று மட்டும் சொன்னால் போதும். அங்கே பதியப்படும் விவரங்களுக்கு இரகசியம் காக்க வேண்டியது 23-ஆவது பிரிவின்படி மருத்துவமனையின் கடமை.

இனி, எந்த நிலைச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும் என்பது. இதில் குடும்பத்தார் வழக்கமாக எடைபோடுவது எவ்வளவு குடிக்கிறார், எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார், எவ்வளவு தொந்தரவு தருகிறார் என்பவற்றைத்தான். மருத்துவர் முதலில் எடைபோடுவது வேறொன்றை: நிறுத்தினால் உடல் என்ன செய்யும்? பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது, சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். பெரும்பாலோருக்கு அது அத்தோடு அடங்கிவிடும். சிலருக்கு முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலும் மிகுந்த நடுக்கமுமாக உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படலாம். குடியை நிறுத்தினால் பைத்தியம் பிடிக்கும் என்று ஊரில் சொல்வது இந்த நிலையைப் பார்த்துத்தான். அதற்கு மருந்து உண்டு, தக்க நேரத்தில் கொடுத்தால் தவிர்க்கவும் முடியும்.

எனவே முன்பு நிறுத்தியபோது வலிப்போ நினைவுக் குழப்பமோ வந்தவர், கண்களில் மஞ்சள், வயிற்று வீக்கம், இரத்த வாந்தி போன்ற ஈரல் நோயின் அறிகுறி உள்ளவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், கருவுற்றவர், குடியோடு தூக்க மாத்திரையும் சேர்த்து எடுப்பவர், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தனித்து வாழ்பவர் ஆகியோர் முதல் ஒரு வாரமாவது மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதே பாதுகாப்பு. இவை எதுவும் இல்லாத, வீட்டில் பொறுப்பான ஒருவர் உடனிருக்கக்கூடியவருக்குப் புறநோயாளியாகவே தொடங்கலாம். முதல் சில நாள்கள் அடிக்கடி வந்து காட்டுவது, நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது, தயாமின் என்னும் பி1 வைட்டமினை விடாமல் எடுப்பது என்பதாக இது அமையும். மாத்திரைகளை நோயாளியின் கையில் தராமல் உடனிருப்பவர் வைத்திருந்து வேளைக்கு வேளை கொடுப்பது நல்லது. வலிப்பு, குழப்பமான பேச்சு, நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திராமல் 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்த ஒரு வாரம் முடிந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று எண்ணுவதே பல குடும்பங்கள் செய்யும் பிழை. உடலிலிருந்து மது வெளியேறுவது தொடக்கம் மட்டுமே. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும், ஆலோசகரோடு வாரம் ஒரு முறையும் பின்னர் மாதம் ஒரு முறையும் அமரும் சந்திப்புகளும், உடனிருப்போருக்கான பேச்சும் பல மாதங்கள் தொடர்வதுதான் புறநோயாளி சிகிச்சையின் உடம்பு. இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் சிகிச்சை தோற்றுவிட்டதாகக் கொள்ளாமல், சந்திப்புகளை நெருக்கமாக்குவதா, மருந்தை மாற்றுவதா, சில நாள் படுக்கை தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதே முறை.

இணையத்தில் தேடுவோர் கண்ணில் படும் அமெரிக்கப் பாகுபாடு ஒன்றும் உண்டு. வாரத்துக்கு 9 மணி நேரத்துக்குக் குறைவானது சாதாரணப் புறநோயாளி சிகிச்சை, 9 முதல் 19 மணி நேரம் வரையானது தீவிரப் புறநோயாளி சிகிச்சை, 20 மணி நேரமும் அதற்கு மேலும் பகல்நேர மருத்துவமனை என்று அங்கே அடுக்கியிருக்கிறார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் இந்தப் பெயர்ப்பலகைகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் உள்ளே இருக்கும் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: நிலை என்பது ஒருமுறை தீர்மானித்து முடிப்பதன்று, தேவைக்கேற்ப ஏற்றியும் இறக்கியும் கொள்வது.

மற்றப் பொருள்களுக்குக் கணக்கு வேறு. கஞ்சாவுக்குப் பெரும்பாலும் புறநோயாளி சிகிச்சை போதும். ஹெராயின் போன்ற ஓபியம் வகைப் பொருள்களையும் அதே வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகளையும் நிறுத்தும்போது வரும் உபாதை மிகுந்த வேதனை தருவது என்றாலும் மதுவைப் போல நேரடியாக உயிரைப் பறிப்பது அரிது. அங்கே ஆபத்து பின்னால் இருக்கிறது: சில வாரங்கள் நிறுத்தி உடலின் தாங்குதிறன் குறைந்தபின், பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அதனால் இவர்களை அடைத்துவைத்து வெறுமனே வெளியே விடுவதைக் காட்டிலும், புப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்தைப் புறநோயாளியாக நீண்ட காலம் தருவதே பாதுகாப்பான வழி. ஊசி போட்டுக்கொள்வோருக்கு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் இயங்கும் மாற்று மருந்து மையங்களில் இது இலவசமாகக் கிடைக்கிறது.

நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று சொல்லி விற்கப்படும் மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். குடித்தால் ஒவ்வாமை உண்டாக்கும் டைசல்ஃபிராம், நோயாளியின் முழுச் சம்மதத்தோடும் மருத்துவக் கண்காணிப்போடும் மட்டுமே தரப்பட வேண்டியது. அறியாமல் அதைச் சாப்பிட்டவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும். பெயரே சொல்லாத பொடிகளில் என்ன இருக்கிறது என்பதை விற்பவரும் சொல்வதில்லை.

படுக்கை தேவை என்று மருத்துவர் சொன்னாலும் சட்டத்தின் எல்லைகள் மாறுவதில்லை. தானே விரும்பிச் சேர்ந்த வயதுவந்தவர் வெளியேற விரும்பினால் விட்டாக வேண்டும்; நிலைமையை மதிப்பிடுவதற்காக அதிகபட்சம் 24 மணி நேரம் மட்டுமே தடுத்துவைக்கலாம். அவர் சம்மதமில்லாமல், நியமனப் பிரதிநிதியின் (நோயாளி தன் சார்பில் செயல்பட நியமித்தவர், அல்லது சட்டப்படி அந்த இடத்தில் இருப்பவர்) விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பதற்கு 89-ஆவது பிரிவு இடம் தந்தாலும், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ கேடு விளைவிக்கும் நிலையோ தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையோ இருக்க வேண்டும். அந்தச் சேர்க்கை 30 நாளுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேலும் தேவையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஆறு மாதம் கட்டாயம், அதுவரை வீட்டாரே பார்க்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கும் தனியார் மையத்திடம், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வது குடும்பத்தின் உரிமை.

காப்பீட்டை நம்பிச் செல்வோர் முதலில் பாலிசியைப் படித்துவிடுவது நல்லது. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் சமமான காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளில் மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் ஒன்றாக இருப்பதால், பல பாலிசிகளில் இதற்குப் பணம் கிடைக்காது. இந்த முரண்பாடு சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

போதைப்பொருள் வழக்கு உள்ளவர்கள் அந்த அச்சத்தாலேயே மருத்துவமனைக்கு வருவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையான ஒருவர் மீது உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்து, அவர் தாமாகவே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம் என்பதால், ஒவ்வொரு வருகையும் பதிவான ஓ.பி. சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, முதல் நாளிலேயே வழக்கறிஞரிடம் அவற்றின் நகலைக் கொடுத்துவைக்க வேண்டும்.