ஜிங்க் மாத்திரையும் தள்ளாடும் கால்களும்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எடை குறைய வயிற்றில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட என் அண்ணிக்கு, சில வருஷம் கழித்து இப்போது கால் மரத்து நடை தள்ளாடுகிறது. பி12 ஊசி போட்டும் கேட்கவில்லை. செம்புச் சத்து குறைவு என்கிறார்கள். செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் குடித்தால் போதாதா?”

போதாது. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 0.9 மில்லிகிராம் செம்புதான். சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். கோளாறு செம்பு கிடைப்பதில் இல்லை, உறிஞ்சுவதில். செம்பை உள்ளே எடுப்பது பெரும்பாலும் இரைப்பையும் சிறுகுடலின் முன்பகுதியும். பைபாஸில் சாப்பாடு அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுகிறது.

செம்பு இல்லாவிட்டால், செல்லுக்குள் ஆற்றல் தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் நிற்கும் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி வேலை செய்யாது. தண்டுவடத்தின் பின்பக்க நரம்புக் கற்றைகள் நலிகின்றன. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை அவைதான். செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாது. கண்ணை மூடி முகம் கழுவக் குனிந்தால் ஆள் சாய்வார். பி12 குறைவிலும் அச்சு அசலாக இப்படித்தான். எம்ஆர்ஐ படமும் ஒரே மாதிரி. அதனால் முதலில் பி12 மேல் சந்தேகம் விழுவது இயல்பு.

ஆட்டு மருத்துவர்களுக்கு இது பழைய சங்கதி. செம்பு குறைந்த மேய்ச்சல் நிலத்து ஆடுகள் ஈன்ற குட்டிகள் பின்னங்கால் தள்ளாடுவதை மேற்கு ஆஸ்திரேலியாவில் பென்னட்ஸ், சாப்மன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1937-லேயே எழுதினார்கள். மனிதர்களிடம் இதே தண்டுவட நோய் தனியாக அடையாளம் காணப்பட்டது 2001 வாக்கில்தான்! கால்நடை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. குடலில் கோளாறே இல்லாதவருக்கும் செம்பு தீர்ந்து போகலாம், துத்தநாகம், அதாவது ஜிங்க், அதிகமானால். குடல் சுவர்ச் செல்லுக்குள் துத்தநாகம் நிறைய வந்தால், செல் மெட்டலோதயோனின் என்ற சின்னப் புரதத்தை ஏராளமாகச் செய்கிறது. சுமார் 60 அமினோ அமிலங்களே கொண்ட அதில் 20, சிஸ்டீன் என்ற வகை. ஒவ்வொன்றிலும் ஒரு கந்தக அணு. உலோக அணு வந்தால் நாலு பக்கமும் கந்தகம் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும். துத்தநாகத்துக்காகச் செய்த புரதம்தான். ஆனால் கந்தகத்துக்குச் செம்பின் மேல்தான் பிடிப்பு அதிகம். செம்பு வந்ததும் துத்தநாகத்தை விட்டுவிட்டு இதை இறுக்கிக்கொள்கிறது. எலிக்கு வைத்த பொறியில் அணில் மாட்டின கதை. அந்தச் செம்பு ரத்தத்துக்குப் போக வழியில்லை. குடல் சுவர்ச் செல்லின் ஆயுளோ சில நாள்தான். அது உதிரும்போது செம்பும் சேர்ந்து மலத்தோடு போய்விடுகிறது. நச்சு என்று எதுவுமே உள்ளே வரவில்லை, ஆனாலும் நரம்பு பட்டினி கிடக்கிறது.

இதே தந்திரம் மருந்தாகவும் இருக்கிறது. செம்பு உடம்பில் தேங்கும் வில்சன் நோய்க்குத் துத்தநாக அசிடேட்டை அமெரிக்கா 1997-ல் அனுமதித்தது. அதே அமெரிக்காவில், பல் செட் ஒட்டும் துத்தநாகப் பசையை வாரத்துக்கு இரண்டு மூன்று டியூப் என்று வருஷக்கணக்கில் பூசியவர்கள் நடக்க முடியாமல் போனார்கள்.

கொரோனா சமயத்தில் ஜிங்க் மாத்திரையை மிட்டாய் போல விழுங்கினோம் இல்லையா? பத்து நாள், பதினைந்து நாள் என்றால் பயமில்லை. மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் வம்பு. பெரியவர்களுக்கு அமெரிக்க உச்சவரம்பு நாளுக்கு 40 மில்லிகிராம். அந்த எண்ணை வைத்ததே செம்பு குறைவதைக் கணக்கில் கொண்டுதான். செம்புப் பாத்திரத்துக்கு மகிமை பேசுபவர்கள் மறுகையால் ஜிங்க் டப்பாவை நீட்டுவதுதான் எனக்குப் பொறுக்காதது.

சரி, அண்ணிக்கு என்ன? ரத்தத்தில் செம்பு, செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், துத்தநாகம் மூன்றையும் பார்ப்பார்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் செருலோபிளாஸ்மின் தானாக ஏறிக் குறைவை மறைத்துவிடும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள். ஜிங்க் எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவர் நிறுத்தச் சொல்வார். செம்பு மாத்திரையாகவோ, அது ஏறாவிட்டால் ரத்தக்குழாய் வழியாகவோ தருவார்கள். ரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் இருந்தால் சில வாரங்களில் சரியாகும். நரம்பு அப்படியல்ல, பலருக்கு நோய் அதோடு நிற்கும், போன உணர்வில் ஒரு பகுதிதான் திரும்பும். அதனால் செம்புப் பரிசோதனையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.