தீம்: ஃபயர்வால் பக்கத்தின் கோலம்

வலையமைப்புக்குள் வந்துபோகும் தரவை வடிகட்டிக் காக்கும் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற ஃபயர்வால் மென்பொருள்களை நிர்வகிக்கும் வலைப்பக்கத்தில் நிறம், எழுத்துரு, பட்டியின் (மெனு) அமைப்பு, சின்னம் ஆகியவற்றை ஒருசேர மாற்றித் தரும் கோப்புத் தொகுப்புக்குத் ‘தீம்’ என்று பெயர். வேலூர், காட்பாடிக் கல்லூரிகளிலும் இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளிலும் நெட்வொர்க் பணியில் இருப்போர் ‘டார்க் தீம் போடு’, ‘தீம் மாத்திடு’ என்றே பேசுகின்றனர். கையேடு எழுத உட்காரும்போதுதான் தமிழ்ச் சொல்லுக்கான தேவை எழுகிறது. அப்போது அகராதியில் முதலில் அகப்படும் ‘கருப்பொருள்’ என்பதை எடுத்து வைத்துவிடுகின்றனர். இந்த இடத்துக்கு அச்சொல் பொருந்தாது.

தீம் என்பதன் மூலம் கிரேக்கத்தின் ‘தேமா’. ‘வை, நிறுவு’ என்னும் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு ‘முன்வைக்கப்பட்டது’ என்பது பொருள். ஆய்வேட்டைக் குறிக்கும் தீசிஸும் அதே வினையின் வழியே வந்தது. அவ்வினைக்கு உறவான வடமொழி ‘தா’ என்னும் அடியிலிருந்துதான், தமிழில் நாம் அன்றாடம் புழங்கும் ‘நிதி’யும் வந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற தேமா, முதலில் பேச்சுக்கோ கட்டுரைக்கோ எடுத்துக்கொண்ட பொருளையும், பின்னர் இசையில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை மெட்டையும் குறித்தது. கணினித் திரைக்கு அது பரவலாக வந்தது 1995-இல். விண்டோஸ் 95-க்கென்று தனியே விற்கப்பட்ட ‘பிளஸ்’ தொகுப்பில் பின்புலப் படம், சுட்டி, ஒலி யாவும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்த ‘டெஸ்க்டாப் தீம்’கள் இருந்தன. காடு என்றால் எல்லாமே காடு, கடல் என்றால் எல்லாமே கடல் என்னும் அந்த நிலையில் ‘பொருள்’ என்ற கருத்து ஓரளவு உயிருடன் இருந்தது. இன்றைய ஃபயர்வால் தீமில் அப்படி எந்தப் பொருளும் இல்லை. வெளிர்நிறப் பின்னணியோ கருநிறப் பின்னணியோ மட்டுமே உண்டு.

தமிழிலோ ‘கருப்பொருள்’ ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். அகத்திணை இலக்கணத்தில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை ஒரு திணையின் கருப்பொருள்கள். இக்கால வழக்கில் அது கதையின் மையக் கருத்து. இரண்டிலும் ‘கரு’ என்பது உள்ளிருப்பதைச் சுட்டுகிறது. தீமோ முழுக்க முழுக்கப் புறத்தது. பிஎஃப்சென்ஸின் அமைவுகள் எல்லாம் சேமிக்கப்படும் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து பார்த்தால் இது விளங்கும்: எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்னும் விதிகள் தமக்கென ஒரு பெரும்பகுதியில் வரிசையாக இருக்க, தீம் என்பது பயன்படுத்த வேண்டிய சிஎஸ்எஸ் (வலைப்பக்கத்தின் நிறத்தையும் வடிவையும் வரையறுக்கும்) கோப்பின் பெயரைச் சொல்லும் ஒற்றை வரியாக வேறோரிடத்தில் கிடக்கிறது. அந்த வரியை மாற்றினால் ஒரு விதிகூட அசைவதில்லை.

தீமுக்கு உடன்பிறப்பாக ‘ஸ்கின்’ என்ற சொல்லும் 1990-களின் இறுதியில் வினாம்ப் பாட்டுச் செயலியால் பரவியது. அதைத் ‘தோல்’ என்று பெயர்க்கலாம் என்பாரும் உண்டு. வட ஆர்க்காட்டில் அது நடவாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்களில் ‘தோல் மாற்றுக’ என்று பட்டனில் எழுதினால் தோல் பதனிடும் டேனரியின் இருப்புக் கணக்கைத்தான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை ‘கோலம்’. வாசலில் மாவால் இடுவது மட்டுமே கோலம் அன்று. அழகு, நிறம், வடிவம், உடை, ஒப்பனை என்பனவெல்லாம் அகராதி அச்சொல்லுக்குத் தரும் பொருள்கள். நிறமும் வடிவும் ஒப்பனையும் ஒரே சொல்லில் அடங்குவது தீமுக்கு வேண்டிய அளவே அன்றி மிகையோ குறையோ அன்று. மணக்கோலம், மாறுகோலம், திருக்கோலம் என்னும் தொடர்களில் ஆள் அதுவே, தோற்றம் மட்டும் வேறு என்னும் குறிப்பும் இருக்கிறது. நவராத்திரியின் ஒன்பது நாளும் அம்மன் வெவ்வேறு கோலம் கொண்டாலும் திருமேனி ஒன்றே அல்லவா, அதைப் போன்றது இது. ‘தோற்றம்’ என்பதும் தவறில்லை. ஆயினும் அது பிறப்பையும் தொடக்கத்தையும் சேர்த்துக் குறிப்பதால், அமைவுப் பக்கத்தின் தலைப்பாக ‘தோற்றம்’ என்றும், அதன்கீழ்த் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு தொகுப்பையும் ‘கோலம்’ என்றும் வழங்கலாம். டார்க் தீம் ‘இருட்கோலம்’ ஆகிவிடும்.

ஃபயர்வாலில் கோலத்துக்கு ஒப்பனையைத் தாண்டிய பயனும் உண்டு. ஒரு நிறுவனத்தில் முதன்மைக் கருவி ஒன்றும் மாற்றுக் கருவி ஒன்றும் இருந்தால், இரண்டின் பக்கங்களும் ஒரே நிறத்தில் இருக்கும்போது தவறான கருவியில் விதியை மாற்றிவிடும் ஆபத்து உண்மையானது. ஒன்றுக்கு இருட்கோலமும் மற்றொன்றுக்கு வெண்கோலமும் இட்டுவைப்பது செலவில்லாத காப்பு. பிஎஃப்சென்ஸில் உள்நுழைவுப் பக்கத்தின் நிறத்தைத் தனியே தேர்ந்தெடுக்கலாம், கருவியின் பெயரை மேற்பட்டியில் காட்டலாம், ஒவ்வொரு பயனருக்கும் வெவ்வேறு தீமும் ஒதுக்கலாம். 2015 சனவரியில் முதல் வெளியீடு கண்ட ஓபிஎன்சென்ஸில் சிக்காடா, ரெபெலியன், டுகான், விகூனா என்னும் தீம்கள் கூடுதல் நிரலாக நிறுவக் கிடைக்கின்றன. முன்பின் தெரியாதவர் உருவாக்கிய தீம் ஒன்றை இறக்கி இடுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. தீமோடு வலைப்பக்கத்தில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வந்தால், அது நிர்வாகியின் பிரவுசரில், நிர்வாகி உள்நுழைந்திருக்கும் நிலையிலேயே ஓடும்.

ஃபயர்வாலுக்கான சொல் பற்றி நெடிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கட்டடத்தில் தீ பரவாமல் தடுக்கும் சுவரின் பெயர் 1980-களின் இறுதியில் கணினி வலையமைப்புக்கு ஏறியது. ‘தீச்சுவர்’ சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ‘தீயரண்’ அதனினும் நன்று, ஏனெனில் அரண் என்பது காவலைக் குறிக்கும் பழஞ்சொல். அகழி சூழ்ந்த கோட்டையை அன்றாடம் பேருந்திலிருந்து பார்க்கும் வேலூர்க்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆகவே, ‘தீயரணின் கோலத்தை மாற்றுக’ என்று கையேட்டில் தயங்காமல் எழுதலாம்.

கோலத்தை ஏற்பதில் ஒரு கூடுதல் ஆதாயமும் இருக்கிறது. தீமின் சிஎஸ்எஸ் கோப்பை நேரடியாகத் திருத்தி வைத்தவர்கள், அடுத்த அப்டேட்டில் அக்கோப்பு மேலெழுதப்பட்டு உழைப்பு போவதைக் காண்பார்கள். படியெடுத்து வேறு பெயரில் வைத்திருந்தாலும், உள்ளிருக்கும் பக்க அமைப்பு மாறிவிட்டால் பழைய தீம் ஒட்டாது. பிஎஃப்சென்ஸ் 2016-இல் தன் 2.3 பதிப்பில் பூட்ஸ்டிராப் என்னும் வலைப்பக்க வடிவமைப்புச் சட்டகத்துக்கு மாறியபோது முந்தைய தீம்கள் அப்படித்தான் பயனற்றுப் போயின. பட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பட்டன்கள் மறைந்து நிற்கும் அத்தகைய பக்கத்துக்குத் தமிழில் ‘அலங்கோலம்’ என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. அந்த நிலையிலும் விதிகள் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்கும் என்பதால் பதற வேண்டியதில்லை. பிஎஃப்சென்ஸ் கன்சோலில் (வலைப்பக்கம் இல்லாமல் கருவியை நேரடியாக இயக்கும் எழுத்துத் திரையில்) உள்ள பட்டியின் 15-ஆம் தெரிவின் வழியே தீம் மாற்றுவதற்கு முந்தைய அமைவை மீட்டால் பழைய கோலம் திரும்பிவிடும். இடையில் வேறு விதிகள் எழுதியிருந்தால் அவையும் சேர்ந்து பின்னோக்கிப் போய்விடும் என்பதால், அவற்றை முதலில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.