கிரப் அப்டேட் ஆனது, ஆனால் எந்த டிஸ்க்கில்?

கோலாலம்பூரில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் பலர் செய்வதுதான்: லோயாட் பிளாசாவில் ஓர் எஸ்எஸ்டி வாங்கி உபுண்டு லினக்ஸை அதற்கு மாற்றிவிட்டு, பழைய ஹார்டு டிஸ்க்கை அழித்து, ஃபைல் போட்டுவைக்க டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் செருகிவிடுவார்கள். மாதக்கணக்கில் ஒரு தொல்லையும் இருக்காது. அப்புறம் ஒருநாள், கணினி ஆன் ஆனதும் உபுண்டுவை எழுப்பிவிடும் நிரலான கிரப்புக்கு அப்டேட் வரும். "அண்ணே, அப்டேட்தான் பண்ணேன், இப்ப ஆன் ஆகவே மாட்டேங்குது" என்று தம்பி ஒருவன் போன் செய்வான். கறுப்புத் திரையில் 'கிரப்_காலக்' என்ற சிம்பல் கிடைக்கவில்லை என்று ஒரு வரி, அதன்கீழே 'கிரப் ரெஸ்க்யூ', அதாவது உபுண்டுவை எழுப்ப முடியாமல் கிரப் நின்றுபோகும் அவசரத் திரை.

எஸ்எஸ்டி கெட்டுப்போகவில்லை. பழைய மடிக்கணினிகள் பூட் ஆகும் பயாஸ் முறையில் கிரப் மூன்று துண்டாக இருக்கிறது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் ஒரு குட்டி நிரல், அதில் கோடுக்குக் கிடைப்பது 446 பைட்தான், அதற்குள் பெரிதாக எதையும் செய்ய முடியாது என்பதால் அது அடுத்த துண்டான 'கோர்' படிமத்தை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள காலி இடத்தில் கோர் உட்கார்ந்திருக்கும். மெனு காட்டும் 'நார்மல்' முதலான மாட்யூல்கள் பூட் ஃபோல்டரில் சாதாரண ஃபைல்களாகக் கிடக்கும். கோரும் மாட்யூல்களும் ஒரே பதிப்பாக இருந்தே ஆகவேண்டும்.

2020 ஜூலையில் கிரப்பில் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. கிரப்பின் கான்ஃபிக் ஃபைலில் அளவுக்கு மீறி நீளமான ஒரு சொல் வந்தால், அதைப் படிக்கும் பகுதி பிழை என்று அச்சிடும், ஆனால் அங்கேயே நிற்காமல் மேலே ஓடி, நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்திலும் எழுதிவிடும். அதை வைத்து, நம்பகமில்லாத நிரல் பூட் ஆகாமல் தடுக்கும் செக்யூர் பூட்டையே தாண்டிவிடலாம். கூடவே வேறு சில ஓட்டைகளும் அடைக்கப்பட்டன. நினைவகம் கேட்கும்போது பெருக்கல் கணக்கு எல்லை மீறுகிறதா என்று பார்க்க 'கிரப்_காலக்' என்ற ஃபங்ஷனைக் கோரில் சேர்த்தார்கள், மாட்யூல்களும் அதையே கூப்பிட ஆரம்பித்தன.

இப்போது தம்பியின் கணினிக்கு வருவோம். கிரப்பை எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று நிறுவும்போது சொன்ன பதிலை உபுண்டு ஞாபகம் வைத்திருக்கும். அது பழைய ஹார்டு டிஸ்க். அப்டேட் புதிய மாட்யூல்களை எஸ்எஸ்டியில் போட்டது, புதிய கோரை மட்டும் பழைய டிஸ்க்கில் எழுதிவிட்டது. பூட் ஆவதோ எஸ்எஸ்டியிலிருந்து. அங்கே இருக்கும் பழைய கோருக்கு 'கிரப்_காலக்' தெரியாது.

இதற்கு 'அப்டேட்-கிரப்' ஓட்டச் சொல்கிறார்கள், அதனால் பயனில்லை. அது மெனுவை மட்டுமே எழுதும், கோரைத் தொடாது. டிஸ்க் மாற்றிய அன்றே 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி' ஓட்டி எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், பார்ட்டிஷனை அல்ல, முழு டிஸ்க்கை. ஏற்கெனவே ரெஸ்க்யூவில் மாட்டிக்கொண்டவர்கள் நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து ஓடும் லைவ் உபுண்டுவை ஏற்றி, எஸ்எஸ்டியை மவுன்ட் செய்து, சிரூட் கட்டளையால் எஸ்எஸ்டியில் உள்ள உபுண்டுவுக்குள் நுழைந்து 'கிரப்-இன்ஸ்டால்' கொடுத்துவிட்டு, அங்கேயே அந்த ரீகான்ஃபிகரையும் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டும் பழைய டிஸ்க்கைத்தான் தேடிப் போகும்.