கூலி உயர்ந்ததா, ஆட்கள் குறைந்தார்களா? பொருளாதாரப் புள்ளிவிவரங்களைப் படிக்கும் முறை

2020 ஏப்ரலில் அமெரிக்காவில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வேலைகள் ஒரே மாதத்தில் பறிபோயின. அதே மாதத்தில், தனியார் துறையின் சராசரி மணிநேரக் கூலி 1.34 டாலர் கூடி 30.01 டாலரை எட்டியதாக அந்நாட்டின் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் அறிவித்தது. இரண்டு தகவல்களும் சரியானவையே. பெருந்தொற்றுக் காலத்தில் முதலில் மூடப்பட்டவை உணவகங்களும் விடுதிகளும் சில்லறைக் கடைகளும் ஆதலால், வேலையிழந்தவர்களில் பெரும்பாலோர் குறைந்த கூலி பெற்றவர்கள்.

ஐந்து பேர் மணிக்கு 10 டாலரும் ஐந்து பேர் 30 டாலரும் பெறுவதாகக் கொண்டால் சராசரி 20 டாலர். குறைந்த கூலிக்காரர் மூவரை நீக்கிவிட்டால், எவருக்கும் ஒரு காசுகூட உயராத நிலையிலேயே, எஞ்சிய எழுவரின் சராசரி ஏறத்தாழ 24.30 டாலர் ஆகிவிடும். எனவே எந்தச் சராசரியைக் கண்டாலும், அது உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதற்கு முன்பாக, அதற்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியேறிவிட்டார்கள் என்று கேட்பதே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

வேலையின்மை விகிதத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகப் பொருந்தும். வேலை இல்லாமல் இருப்பது மட்டும் ஒருவரை வேலையற்றவர் பட்டியலில் சேர்த்துவிடாது. அவர் வேலை செய்ய ஆயத்தமாக இருக்க வேண்டும், அண்மைக் காலத்தில், பெரும்பாலும் கடந்த நான்கு வாரங்களில், வேலை தேடியிருக்கவும் வேண்டும். வேலை செய்வோர் 90 பேர், தேடுவோர் 10 பேர் எனில் விகிதம் 10 சதவீதம். தேடியவர்களில் மூவர் நம்பிக்கையிழந்து தேடுவதையே விட்டுவிட்டால், வேலை செய்வோரும் தேடுவோரும் சேர்ந்த தொழிலாளர் படையிலிருந்தே அவர்கள் நீக்கப்படுவதால், 97 பேரில் 7 பேர் என்று விகிதம் ஏறத்தாழ 7.2 சதவீதமாக இறங்கிவிடும். ஒருவருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்கவில்லை என்ற உண்மை அந்த எண்ணில் தெரிவதில்லை. இதனால்தான் வேலையின்மை விகிதத்தைத் தனியாகப் படிக்காமல், மக்கள்தொகையில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற விகிதத்தையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது. 2020 இரண்டாம் காலாண்டில் அமெரிக்க மொத்த உள்நாட்டு உற்பத்தி 32.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு வெளியானபோது, பொருளாதாரத்தில் மூன்றில் ஒரு பங்கே அழிந்துவிட்டதாகப் பலர் புரிந்துகொண்டனர். அது ஆண்டு வீதக் கணக்கு: அதே வேகத்தில் நான்கு காலாண்டுகள் தொடர்ந்து சரிந்தால் எவ்வளவு குறையும் என்பதையே அந்த எண் குறித்தது. முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் வீழ்ச்சி சுமார் 9.5 சதவீதம். அதுவும் மிகக் கடுமையானதுதான், ஆனால் மூன்றில் ஒரு பங்கு அல்ல. இத்தகைய வீழ்ச்சிக்குப் பின் வரும் வளர்ச்சி விகிதத்தையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். 100 என்பது 80 ஆனால் 20 சதவீத இறக்கம், 80 மீண்டும் 100 ஆனால் 25 சதவீத ஏற்றம், இருந்தும் பழைய நிலையைத் தாண்டி ஓரடிகூட முன்னேறவில்லை.

விலைவாசி ஏற்றத்தைக் கழித்த நிலையான விலைக் கணக்கா, கழிக்காத நடப்பு விலைக் கணக்கா என்பதையும், பருவகால ஏற்றத்தாழ்வுகள் நீக்கப்பட்டனவா என்பதையும் அட்டவணையின் தலைப்பிலேயே பார்த்துவிடலாம். அடிப்படை ஆண்டு, அதாவது எந்த ஆண்டின் விலைகளையும் துறை அமைப்பையும் அளவுகோலாகக் கொண்டு கணக்கிடுகிறார்கள் என்பது, அப்படி எளிதில் கண்ணில் படுவதில்லை. நைஜீரியா 2014 ஏப்ரலில் தன் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்கு மாற்றி, பழைய கணக்கில் உரிய இடம் பெறாத தொலைத்தொடர்பு, திரைப்படம் போன்ற துறைகளையும் முறையாகச் சேர்த்தது. 2013ஆம் ஆண்டுக்கான மொத்த உள்நாட்டு உற்பத்தி 89 சதவீதம் உயர்ந்து, அந்நாடு தென்னாப்பிரிக்காவை முந்தியது. மக்களின் வருமானம் அதனால் ஒரே நாளில் பெருகிவிடவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த உற்பத்தி அப்போதுதான் கணக்குக்குள் வந்தது.

முதலில் வெளியாகும் மதிப்பீடு பெரும்பாலும் முழுமையற்ற தரவுகளின் மீது எழுப்பப்படுவதால், பின்னர் வரி விவரங்களும் விரிவான ஆய்வுகளும் வந்து சேரும்போது திருத்தப்படுகிறது. ஆகவே, ஒரு மத்திய வங்கி முன்பு எடுத்த வட்டி முடிவை இன்று எடைபோடுபவர், இப்போது திருத்தப்பட்டுக் கிடைக்கும் எண்களை விட்டு, அந்த நாளில் அதன் மேசைமீது இருந்த பழைய வெளியீட்டின் எண்களையே தேடி எடுத்துப் பார்க்க வேண்டும்.