செயல்மருந்தா, மூலப்பொருளா?

செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டாலும், ஹோர்முஸ் நீரிணையில் பதற்றம் கூடினாலும், 'மருந்து மூலப்பொருள் வரத்து பாதிப்பு' என்று செய்தி வந்துவிடுகிறது. எந்தப் பொருள் என்றுதான் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் இருப்பது ஏபிஐ (API), அதாவது ஆக்டிவ் பார்மசூட்டிகல் இன்கிரீடியன்ட். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. மாத்திரைக்குள் இருந்து உடலில் வேலை செய்யும் வேதிப்பொருள் அது. மாவு, லாக்டோஸ், மேற்பூச்சு எல்லாம் துணைப்பொருள்கள். ஆக்டிவ் என்பதன் வேர் 'செய்' எனப் பொருள்படும் லத்தீன் வினை.

'மூலப்பொருள்' இதற்குப் பொருந்தவே பொருந்தாது. பாராசிட்டமாலைப் பாருங்கள். கச்சா எண்ணெயிலிருந்து பென்சீன், அதிலிருந்து பல படிகள் தாண்டி பாரா-அமினோபீனால், அதிலிருந்து பாராசிட்டமால் தூள், அப்புறம்தான் மாத்திரை. அந்தத் தூள்தான் ஏபிஐ. வேதியியல் வேலையெல்லாம் முடிந்து கிடைத்ததைப் போய் 'மூலம்' என்கிறோம்!

மாத்திரை ஆலைக்கு அது மூலப்பொருள்தானே என்று கேட்பார்கள். சரி, ஆலையின் கொள்முதல் பிரிவுக்கு அப்படித்தான். போர்ச் செய்தி படிப்பவருக்கு அது போதாது. எண்ணெய் விலை ஏறினால் முதலில் அடிபடுவது தொடக்கப் படிகள். மருந்தின் அடக்கவிலை கூடும், உற்பத்தி நடந்துகொண்டிருக்கலாம். கப்பல் வராமல் தூளே தீர்ந்துபோனால், ஆலையில் எந்திரமும் ஆளும் இருந்தும் மாத்திரை வராது. 2023 இறுதியில் பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது, ஆசிய-ஐரோப்பியப் பயணம் ஏறத்தாழ 10 நாள் நீண்டது. உலகுக்கே மாத்திரை விற்கும் இந்தியா, ஏபிஐக்குப் பெரிதும் சீனாவைச் சார்ந்திருக்கிறது. இந்தச் சிக்கலை விளக்க வேண்டிய இடத்தில், எண்ணெய்க்கும் தூளுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்?

ஏபிஐக்குச் சிலர் எழுதும் 'செயலில் உள்ள மருந்துப் பொருள்' இன்னும் மோசம். செயலில் உள்ளது திட்டம், சட்டம். கிடங்கில் மூட்டையாகக் கிடக்கும் தூள் எந்தச் செயலில் இருக்கிறது? அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் அவசரம் இது. 'வினைப்பொருள்' என்பதும் எனக்கு உடன்பாடில்லை; வேதியியல் பாடத்தின் 'வினைபடுபொருளோடு' குழம்பும்.

'செயல்மருந்து' என்பதே சரி. செயல்மருந்து, துணைப்பொருள், பென்சீன் போன்ற தொடக்கப்பொருள் என மூன்றும் தனித்தனியே நிற்கும். இதை ஏற்காதவர்கள் ஏபிஐ என்றே எழுதட்டும், மூலப்பொருள் என்று மட்டும் வேண்டாம்.