பால் இல்லாமலும் புளிக்கும்

தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களுக்கு நெருங்கிய உறவுகள் காய்கறித் தோலிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்குப் பால் வேண்டியதில்லை. சர்க்கரை இருந்தால் போதும். அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் வீட்டிலேயே உயிருள்ள ஒரு புளிப்பு பானத்தைத் தயாரித்துக்கொள்ள முடிகிறது.

இருப்பதிலேயே எளிது பீட்ரூட் பானம். 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து, கழுவி நறுக்கிய 300 கிராம் பீட்ரூட்டை அதில் மூழ்கும்படி போட்டு, கண்ணாடி ஜாடியை லேசாக மூடி வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பயன்படுத்தலாம். பீட்ரூட்டை மட்டும் வேக வைத்துவிடக் கூடாது. புளிக்க வைக்க வேண்டிய பாக்டீரியாக்களே செத்துப்போகும்.

அப்புறம் ஜாடிக்குள் நடப்பது ஒரு தொடர் ஓட்டம். தொடக்கத்தில் பலவகை நுண்ணுயிரிகள் அங்கே இருக்கும். உப்பு அவற்றில் பலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. உப்பைத் தாங்கும் லியூகோனோஸ்டாக் வகை பாக்டீரியாக்கள் முதலில் பெருகி, சர்க்கரையை லாக்டிக் அமிலமாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றன. முதல் சில நாட்களில் மேலே வரும் குமிழ்களுக்குப் பெரும்பாலும் இவையே காரணம். ஆனால் தாங்கள் உண்டாக்கிய அமிலத்தையே இவற்றால் அதிகம் தாங்க முடியாது. இவை ஓயும்போது, அமிலத்தில் இன்னும் நன்றாக வளரும் லாக்டோபேசில்லஸ் வகைகள் வந்து வேலையை முடிக்கின்றன.

இந்த அமிலம் வெறும் ருசிக்காக அல்ல. அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணான பிஎச் (குறையக் குறைய புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால், கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் பாக்டீரியாவால் வளர முடியாது. எனவே பிஎச் தாள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், நாள் கணக்கைவிட அதுதான் நம்பகமானது; வெயில் காலத்தில் வேகமாகப் புளிக்கும், குளிரில் இழுக்கும்.

சரி, இதைப் புரோபயாடிக் என்று சொல்லலாமா? 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு தந்த விளக்கப்படி, போதிய அளவில் உட்கொண்டால் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக். நம் ஜாடியில் உயிருள்ளவை ஏராளம். ஆனால் அவை எந்த ரகம், எவ்வளவு, என்ன நன்மை தரும் என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆகவே கண்டிப்பாகப் பார்த்தால், இது நொதித்த பானம், மருந்தல்ல.

உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். பீட்ரூட்டின் நீரோடு கலந்தபின் உப்பு ஏறக்குறைய 1.5 சதவீதம் இருக்கும். 200 மில்லி குடித்தால் சுமார் 3 கிராம் உப்பு உள்ளே போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதனால் 50 மில்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, சர்க்கரைத் தண்ணீரில் கெஃபிர் மணிகளைப் போட்டுப் புளிக்க வைக்கும், உப்பே சேராத தண்ணீர் கெஃபிர் பொருந்தும். அந்த மணிகள், பாக்டீரியாக்கள் சர்க்கரையிலிருந்து பின்னும் டெக்ஸ்ட்ரான் என்ற பொருளால் ஆனவை. உள்ளே ஈஸ்ட்டும் குடியிருக்கிறது. ஈஸ்ட் கொஞ்சம் ஆல்கஹாலையும் நிறைய வாயுவையும் உண்டாக்குவதால், இறுக்கமாக மூடிய சாதாரணக் கண்ணாடி பாட்டில் வெடித்துவிடக்கூடும்.

மேலே பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்தால் வழித்து எடுத்துவிட்டுக் குடிக்காதீர்கள்; மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.