கிண்ணத்தில் விழாத தேனீக்கள்

நெருக்கமாக நின்ற மரங்களில் சிலவற்றை வெட்டி, தரையில் வெளிச்சம் விழச் செய்த ஒரு காட்டுப் பகுதியில் முதன்முதலாக நாட்டுத் தேனீக் கணக்கெடுத்தேன். தேனீ பிடிக்கத் தண்ணீர் ஊற்றி வைத்த கிண்ணங்களை மாலையில் வடிகட்ட வடிகட்டத் தேனீக்கள் வந்துகொண்டே இருந்தன. ‘வெட்டு முடிந்த உடனே தேனீக்கள் பெருகிவிட்டன’ என்று உற்சாகமாக அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அதே இடம், அதே மாதம், அதே கிண்ணங்கள். பாதிகூடத் தேறவில்லை. ‘சரிவு’ என்று எழுதப் போன நேரத்தில்தான் தலை நிமிர்ந்து பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் பூச்செடிகள். கைவலையை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்தேன். நாள் முழுக்கக் கிண்ணத்தில் விழாத இனங்களெல்லாம் வலைக்குள் வந்தன. முதல் அறிக்கையும் தப்பு, எழுதவிருந்த இரண்டாவதும் தப்பு.

கிண்ணம் என்பது பெரிய கருவி ஒன்றும் இல்லை. நீலம், மஞ்சள், வெள்ளை என்று பளிச்சென வண்ணம் பூசிய சின்ன பிளாஸ்டிக் கப். அதில் தண்ணீர், தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தேனீ நீர்ப்பரப்பின்மேல் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடும். வண்ணத்தைப் பார்த்துப் பூ என்று நினைத்துத்தான் அது இறங்குகிறது. நிஜப் பூ இல்லாத இடத்தில் கிண்ணத்துக்கு மவுசு அதிகம். ஆயிரம் பூ பூத்திருக்கும் இடத்தில் அதை யார் சீண்டுவார்கள்? எனவே கிண்ணத்தில் எண்ணிக்கை குறைவது சில நேரம் நல்ல செய்தியாகவே இருக்கலாம். போதாததற்கு, கிண்ணத்துக்கு ஓரவஞ்சனையும் உண்டு. சின்ன உடம்புள்ள வியர்வைத் தேனீக்கள் கொத்தாக விழும். தச்சுத்தேனீ போன்ற பருத்தவை அவ்வளவாக ஏமாறுவதில்லை.

நாட்டு மாடு, நாட்டுக்கோழி என்பதுபோல, அந்தந்த மண்ணில் தானாக வாழ்ந்துவரும் தேனீக்களைத்தான் நாட்டுத் தேனீ என்கிறேன். உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. பெட்டியில் வைத்து வளர்ப்பவை அதில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றில் பெரும்பாலானவை தனிக்கட்டைகள். கூட்டம் இல்லை, ராணி இல்லை, நாம் எடுக்கத் தேனும் இல்லை. ஒரு பெண் தேனீ தானே குழி தோண்டி, மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, வாயை அடைத்துவிட்டுப் போகும். ஏறத்தாழ பத்தில் ஏழு இனங்கள் மண்ணுக்குள் வாழ்பவை. மீதியில் பலவற்றுக்கு, பட்ட மரத்தில் வண்டு துளைத்துவிட்டுப் போன ஓட்டையும் காய்ந்த தண்டும்தான் வீடு.

இப்போது புரியும், மரத்துக்காகப் பராமரிக்கும் காட்டில் ஒவ்வொரு வேலையும் தேனீயின் வீட்டு வாசலில்தான் நடக்கிறது. நாமே திட்டமிட்டு வைக்கும் லேசான தரைத்தீயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சூடு மண்ணுக்குள் சில சென்டிமீட்டருக்குக் கீழே அதிகம் இறங்காது. ஆழத்தில் இருக்கும் கூடு பெரும்பாலும் தப்பும். காய்ந்த தண்டில் இருக்கும் கூடு சாம்பல். ஆகவே ‘தீக்குப் பிறகு தேனீ கூடியதா, குறைந்ததா’ என்று யாராவது கேட்டால், ‘எந்தத் தேனீ?’ என்று திருப்பிக் கேட்பேன். எனக்கு மிகவும் எரிச்சல் தருவது, பட்ட மரத்தையும் அடிக்கட்டையையும் ‘சுத்தம்’ செய்யும் வழக்கம். பார்வைக்கு அழகாக இருக்கும். ஓட்டையில் குடியிருந்தவை எங்கே போகும்?

எப்போது போகிறோம் என்பதும் முக்கியம். வளர்ந்த தனித்தேனீ வெளியே பறப்பது பெரும்பாலும் சில வாரங்கள்தான். ஆண்டின் மீதியை அடைபட்ட அறைக்குள்ளேயே கழிக்கும். வருடத்துக்கு ஒரு முறை போய் எண்ணிவிட்டு ‘இங்கே இந்த இனம் இல்லை’ என்று சொல்வது, பகலில் போய் ஆந்தை இல்லை என்று சொல்வதுபோல. குளிர்நாட்டு இலையுதிர்க் காடுகளில், மரம் துளிர்த்துக் குடை விரிப்பதற்கு முன் தரையில் வெயில் படும் கொஞ்ச நாளில்தான் தரைப்பூக்களும் அவற்றை நம்பிய தேனீக்களும். அப்புறம் மரங்களே பூக்கும்போது பல தேனீக்கள் உச்சிக்கு ஏறிவிடும். அந்த நாட்களில் கிளையில் கயிறு போட்டு ஒரு கிண்ணத்தை மேலே ஏற்றிப் பாருங்கள், கீழே உள்ளதோடு எவ்வளவு வித்தியாசம் என்று.

கிண்ணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் பத்து இடத்தில் வைக்கலாம், வைப்பவரின் கைத்திறமையைப் பொறுத்ததும் அல்ல. ஆனால் துணைக்குக் கைவலை வேண்டும், கூடு கட்ட மூங்கில் குழல் கட்டு ஒன்று வேண்டும். குழலின் உள்விட்டம் 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை கலந்து இருந்தால் நல்லது. குழலைப் பிளந்து பார்ப்பது எனக்கு அலுக்கவே அலுக்காத வேலை. இலைவெட்டித் தேனீயின் குழலில் பச்சை இலைத்துண்டுகள் பீடி சுற்றியதுபோல அடுத்தடுத்து இருக்கும். மண்பூசும் தேனீயின் குழலில் சேற்றுச் சுவர்கள். நீலத் தகடுகளைக் குறுக்காகச் செருகிய, தேனீ மோதி உள்ளே விழும் பெரிய பொறியை மட்டும் நான் கூடியவரை தவிர்க்கிறேன். தேனீக்களை அள்ளிப் பிடிக்கும், அதுதான் பிரச்சினை. எண்ணப் போன இடத்தில் தேவைக்கு மேல் கொன்றுவிட்டு வரக் கூடாது.

காட்டில் ஒரு நாள் என்றால் மேசையில் பல நாள். கிண்ணத்திலிருந்து எடுத்த தேனீ, மழையில் நனைந்த பூனைக்குட்டி மாதிரி இருக்கும். முடி ஒட்டிப்போய் எந்த இனம் என்றே தெரியாது. சோப்புத் தண்ணீரில் அலசி, ஆல்கஹாலில் முக்கி, வலை மூடிய பாட்டிலில் போட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் காற்று அடிக்கவேண்டும். சில நிமிடங்களில் முடி சிலிர்த்துத் தேனீ மறுபடி தேனீயாகிவிடும். முதல் வடிகட்டலில் ஈக்களும் குளவிகளும் கலந்தே வரும். இறக்கை ஒரே ஜோடி, உணர்கொம்பு மிகக் குட்டை என்றால் அது வேஷம் போட்ட ஈ. தேனீயோடு போட்டுவைக்கும் அடையாளச் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். ஆல்கஹாலில் பேனா மை கரைந்து ஒரு பருவத்து உழைப்பே போன கதை எங்களிடம் உண்டு.

குறிப்பேட்டில் தேனீயின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அன்றைக்கு என்ன பூ, எவ்வளவு, தலைக்கு மேல் எவ்வளவு வானம் தெரிந்தது, வெட்டியோ எரித்தோ எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் எழுதுகிறோம். ஒன்றுமே விழாத கிண்ணத்துக்குப் பூஜ்யம் என்று எழுதவேண்டும், இடத்தைக் காலியாக விடக் கூடாது. கை வைக்காத ஒரு பகுதியையும் கூடவே எண்ணவேண்டும். ஏனென்றால் வானிலை மாறினாலே தேனீ எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டு வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு பருவமாவது போய் எண்ணவேண்டும். இப்போதெல்லாம் மரத்தில் வெட்டுக் குறி போடுகிறவர்களோடு சேர்ந்தே போகிறேன். அவர்கள் மேலே பார்க்க, நான் கீழே பார்க்கிறேன். பென்சில் தடிமனில் ஓட்டை, அதைச் சுற்றி மாவு சலித்ததுபோல் மண். அப்படி ஒரு திட்டில் முப்பது நாற்பது வாசல் இருந்தால், நான்கு குச்சி நட்டு நாடா கட்டிவிடுவோம், மரம் இழுக்கும் வண்டி சுற்றிப் போகும். ஓட்டுநர் ஒருவர் முதல் நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் அவரே வந்து, நாடாவுக்கு வெளியே இன்னும் ஏழு ஓட்டை இருக்கிறது என்று காட்டினார்.